போனில் பார்க்கும் சர்க்கரை

கைபேசிக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம், 1990-களின் பிற்பாதி. திருவனந்தபுரத்தில் டாக்டர் ஜோதிதேவ் கேசவதேவ் தம் நோயாளிகளிடம், வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து எண்ணைத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்றார். (மலையாள நாவலாசிரியர் பி. கேசவதேவின் மகன் இவர். ‘ஓடையில் நின்னு’ படித்தவர்களுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும்.) மறுமுனையில் செவிலியர், உணவு ஆலோசகர் என்று பயிற்சி பெற்ற ஒரு குழு. சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டு, மருத்துவரின் வழிகாட்டுதலோடு மருந்தின் அளவை மாற்றச் சொல்வார்கள். சாப்பாட்டையும் நடையையும் விசாரிப்பார்கள். டி.டி.எம்.எஸ். என்று அதற்குப் பெயர். முடவன்முகளில் உள்ள அவருடைய மையம் இந்த முறையால்தான் வெளியூர்களில் பெயர் வாங்கியது.

இதற்கு என்ன அவசியம் என்று கேட்பவர்கள் இன்சுலின் தொடங்கிய ஒருவரின் முதல் மாதத்தைக் கவனித்தால் போதும். முதல் நாள் எழுதிக் கொடுக்கும் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்து, மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு யூனிட் என்று ஏற்றிக்கொண்டே போய்த்தான் சரியான அளவைப் பிடிக்க முடியும். டாக்டர் பார்ப்பதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. களியக்காவிளையிலிருந்தோ கருங்கல்லிலிருந்தோ பஸ் பிடித்து வந்து, டோக்கன் வாங்கி உட்காருகிறவர் அதற்கு மேல் வர மாட்டார். வரச் சொல்வதும் நியாயமில்லை. பத்து யூனிட்டில் தொடங்கியவர் அடுத்த முறை வரும்போதும் பத்திலேயே இருப்பார். சர்க்கரையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்தியா முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தபோது, கேரளத்தில் வயதுவந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 14.4. நாலில் ஒருவருக்கு நோய் இருக்கிற ஊரில், எல்லோருடைய மருந்தளவையும் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றால் நடக்காது. இந்த அத்தியாயம், அப்படியொரு அழைப்புச் சேவையைச் சிறிய அளவில் தொடங்க நினைக்கும் மருத்துவமனைக்கும், அதை எடுத்து நடத்தப்போகும் செவிலியருக்கும்.

அழைப்பு மட்டும் போதாது

ஜோதிதேவ் குழு தங்கள் நோயாளிகளில் 1,000 பேரின் ஆறு மாதப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்து 2012-இல் வெளியிட்டது. சராசரி எச்பிஏ1சி 8.5-இலிருந்து 6.3-க்கு இறங்கியிருந்தது. பெரிய இறக்கம். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு. அழைப்பு கிடைக்காத இன்னொரு குழுவை அருகில் வைத்து ஒப்பிடவில்லை. மீட்டரும் ஸ்ட்ரிப்பும் சொந்தக் காசில் வாங்கி, சொன்னபடி செய்கிறவர்களின் பதிவு அது என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கிலாந்தில் சால்ஃபர்ட் என்ற ஊரில் 591 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனை 2005-இல் வெளிவந்தது. பயிற்சி கொடுத்த ஊழியர்கள், நீரிழிவுச் செவிலியரின் மேற்பார்வையில், கணினித் திரையில் வரும் வசனத்தைப் பார்த்துப் பேசினார்கள். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டதால் அதன் முடிவை நம்பலாம்: எச்பிஏ1சி ஏறக்குறைய 0.3 மட்டும் குறைந்தது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்குப் பல காரணம் உண்டு. ஆய்வு முறை வேறு, ஆட்கள் வேறு. என் கணிப்பில் முக்கியமான காரணம், போனை எடுப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பது. ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்க, நடங்க, இனிப்பைக் குறைங்க’ என்று மட்டும் சொல்ல முடிகிற செவிலியரை மூன்றாவது அழைப்பிலேயே நோயாளி அலட்சியம் செய்யத் தொடங்கிவிடுவார். ‘இன்னைக்கு ராத்திரி ரெண்டு யூனிட் கூட்டிப் போடுங்க, வெள்ளிக்கிழமை காலையில பார்த்துட்டுச் சொல்லுங்க’ என்று சொல்ல முடிகிறவரின் அழைப்புக்குக் காத்திருப்பார்.

எழுத்தில் இருக்க வேண்டியது

அந்த அதிகாரம் வாய்மொழியாக இருந்தால் செவிலியருக்கு ஆபத்து. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: தொலைவிலிருந்து மருந்து எழுதும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே. செவிலியர் உதவலாம், விளக்கலாம், மருத்துவர் சொன்னதை நடைமுறைப்படுத்தலாம். எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: இலக்கு எண் (பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்கு அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை), எத்தனை நாளைக்கு எத்தனை யூனிட் ஏற்றலாம், எந்த அளவைத் தொட்டதும் நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும், எந்த எண் வந்தால் குறைக்க வேண்டும். காரணம் தெரியாமல் ஒருமுறை 70-க்குக் கீழே போனாலும், இன்சுலினைப் பத்து முதல் இருபது சதவீதம் குறைப்பது வழக்கம். இந்தத் தாள் இல்லாமல் யாரையும் அழைக்காதீர்கள். மருத்துவர் ‘நீங்களே பார்த்துக்குங்க சிஸ்டர்’ என்று பெருந்தன்மையாகச் சொன்னாலும் சரி.

கர்ப்பிணிகள், முதல் வகை நீரிழிவுக் குழந்தைகள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் ஆகியோரின் தாளை மருத்துவரே வைத்திருக்கட்டும். நீங்கள் எண்ணை வாங்கித் தரலாம். அளவைத் தொட வேண்டாம்.

கேரள அரசின் ‘திசா’ 1056 போன்ற உதவி எண்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது யாரும் எப்போதும் கூப்பிட்டு எதையும் கேட்கும் எண். திருவனந்தபுரத்திலிருந்து இயங்குகிறது, நன்றாகவே இயங்குகிறது. இங்கே பேசுவது, தெரிந்த நோயாளியைத் தெரிந்த செவிலியர் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கூப்பிடுவது.

முதல் நாள், நேரில்

போன் சேவை நேரில்தான் தொடங்க வேண்டும். ஒருவரை உட்கார வைத்து, அவருடைய சொந்த மீட்டரில், அவர் கையாலேயே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினாரா? மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்த துளி 300 காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துகிறாரா? ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறாரா? இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது ஆகாது.

மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். தென்கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பாதி வீட்டுக்கு மகளோ மருமகனோ வெளிநாட்டில். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் அனுப்பிய மீட்டர் வேறு அலகில் காட்டும். அம்மா போனில் ‘பதினொண்ணு’ என்பார். அதைப் பதினெட்டால் பெருக்கினால் 198. தெரியாதவருக்கு அந்தப் பதினொன்று உயிர் போகிற எண்ணாகத் தோன்றும். இல்லையென்றால் எச்பிஏ1சி என்று நினைத்துக் குறித்துவிடுவார்.

இன்சுலின் எங்கே வைத்திருக்கிறார்? திறக்காத குப்பி ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரீசரில் மீனோடு வைத்து உறைந்துபோனதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகினாலும் பயனில்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் இன்னொரு சிறு பாத்திரத்தில் வைக்கலாம். ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வயிற்றில் ஒரே இடத்தில் வருடக்கணக்காகப் போட்டு, அங்கே கட்டி கட்டியாகத் தடித்திருந்தால், அந்த இடத்தில் போடும் இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. போனில் எவ்வளவு கணக்குப் போட்டாலும் பிடிபடாத ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதைக் கைதான் கண்டுபிடிக்கும்.

வீட்டில் போனை யார் எடுப்பார்கள், யார் சமைப்பார்கள், ஊசி யார் போடுகிறார்கள் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

எப்போது கூப்பிடுவது

சால்ஃபர்ட் குழு எச்பிஏ1சி-யை வைத்துப் பிரித்தது: 7-க்குள் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 9 வரை உள்ளவருக்கு ஏழு வாரத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதம் ஒருமுறை. மாத்திரையில் இருப்பவர்களுக்கு அது சரிப்படும். இன்சுலின் புதிதாகத் தொடங்கியவருக்கு முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒரு அழைப்பு, பிறகு வாரம் ஒன்று, எண் நிலைத்த பிறகு மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு தொடங்கியவரை மீண்டும் முதல் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். காலையில் சர்க்கரை ஒழுங்காக இருக்கும், மதியத்துக்கு மேல் ஏறும். காலை எண்ணை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள்.

நேரத்தில் கவனம் வேண்டும். காலை ஏழிலிருந்து எட்டு வரை வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சாப்பாட்டு டப்பா, பஸ். அந்த நேரத்தில் கூப்பிட்டால் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். பதினொரு மணி நல்ல நேரம். ஓட்டுநர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அது சரிப்படாது. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறவர் மதியம் மூன்றுக்குத்தான் உட்காருவார். அவர் மிஸ்டு கால் கொடுத்தால் நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள்.

ஸ்ட்ரிப்புதான் செலவு. ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள டப்பாவை இரண்டு மாதம் ஓட்ட வேண்டிய குடும்பத்திடம் தினமும் பாருங்கள் என்பது பயனற்ற ஆலோசனை. வாரத்தில் ஆறு ஸ்ட்ரிப் என்று வைத்துக்கொண்டு, ஜோடி ஜோடியாகப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, அதே சாப்பாடு தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் ஒன்று. திங்கள் காலை, வியாழன் மதியம், சனி இரவு. தினமும் காலை ஒரே நேரத்தில் எடுத்த ஐம்பது எண்ணைவிட இந்த இருபத்தைந்து ஜோடி அதிகம் சொல்லும். இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் வாரங்களில் மட்டும் காலை எண் தொடர்ந்து வேண்டும். அதற்கு ஒரு டப்பா தனியாக ஒதுக்கச் சொல்லிவிடுங்கள்.

அழைப்பு

எண்ணை முதலில் கேட்காதீர்கள். எண்ணைக் கேட்டதும் நம் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது, பிறகு கேட்கும் கேள்வியெல்லாம் குறுக்கு விசாரணை ஆகிவிடும். முந்தைய நாள் இரவிலிருந்து தொடங்குங்கள். அழைப்பு எப்படிப் போகும் என்பதற்கு மாதிரிக்காக ஒன்று. நோயாளி மார்த்தாண்டம் பக்கத்து அம்மா, வயது அறுபத்திரண்டு. காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின், இருபது இருபது யூனிட். போன வாரம் வரை காலை எண் 130, 140.

“அம்மா, நான் ஆஸ்பத்திரி சிஸ்டர் பேசுறேன். ராத்திரி சாப்பாடு எத்தன மணிக்கு?”

“எட்டு மணிக்கு மக்ளே. கஞ்சியும் பயறும்.”

“ஊசி?”

“ஏழரைக்குப் போட்டேன். நீங்க சொன்னதுபோல அர மணிக்கூர் முந்தி.”

“படுக்கப் போகும்போது வேற ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல. ஒரு கட்டன் சாயா, சீனி போடாம.”

“காலையில எவ்வளவு இருந்துச்சு? ஒவ்வொரு எண்ணா சொல்லுங்க.”

“ரெண்டு, நாலு, எட்டு.”

“முந்தின நாள்?”

“அது ரெண்டு, மூணு, ஒண்ணு. எனக்கே பயமாட்டு இருக்கு. நான் ஒண்ணும் கூடுதலா தின்னல்ல.”

“பயப்படாண்டாம். ஊசி மருந்து பழைய குப்பிதானா?”

“குப்பி பழையதுதான். சிரிஞ்சு தீர்ந்துபோச்சு, மெடிக்கல்ல புதுசு வாங்கினான் பையன்.”

“அந்த சிரிஞ்ச எடுத்துட்டு வாங்க. மூடி என்ன நிறம்?”

“...ஆரஞ்சு.”

“பழசு?”

“பழசு சிவப்பு மூடி. ரெண்டும் ஊசிதானே?”

இங்கே விஷயம் முடிந்துவிட்டது. இந்தியாவில் விற்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டவை; அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு அளவு போட்டது. அந்த அம்மா ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தது 0.2 மில்லி. 40 குப்பியிலிருந்து அது வெறும் எட்டு யூனிட். ஐந்து நாளாக மருந்து பாதிக்கும் குறைவாகப் போயிருக்கிறது, அவர் எதையும் கூடுதலாகத் தின்னவில்லை.

எண்ணை மட்டும் கேட்டு 248 என்று எழுதியிருந்தால், தாளில் உள்ளபடி யூனிட்டை ஏற்றச் சொல்லியிருப்பீர்கள். அவர் 28 என்ற கோடு வரை இழுத்திருப்பார். அடுத்த மாதம் பையன் சிவப்பு மூடியை வாங்கி வந்த அன்று, உண்மையான 28 யூனிட் உள்ளே போய், விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி விழுந்திருப்பார். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம்: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். எண் திடீரென்று மாறினால், அளவைத் தொடுவதற்கு முன் குப்பி, சிரிஞ்சு, ஊசி போடும் இடம், காய்ச்சல், புது மாத்திரை ஆகிய ஐந்தையும் கேட்டுவிடுங்கள். நாயுருவிக் கஷாயமும் ‘சுகர் பொடி’யும் புது மாத்திரைக் கணக்கில்தான் சேரும், அவற்றைக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொன்னதன் காரணம்: போனில் நூற்றிப்பதினாறும் நூற்றியறுபதும் ஒன்றுபோலக் கேட்கும். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் வீடுகளில் இன்னும் கூடுதல் கவனம். நீங்கள் சொன்ன யூனிட்டை அவரைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே போனை வையுங்கள்.

சாப்பாடு

‘டயட் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதுதான் பதில். ‘நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு என்ன?’ என்று கேளுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அப்போதுதான் வெளியே வரும். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. சோற்றுக்குப் பஞ்சம் வந்த காலங்களில் ஏழைகளைக் காப்பாற்றிய கிழங்கு. ஸ்ரீகாரியத்தில் கிழங்குக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மரச்சீனியை விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள். அது பெரும்பாலும் மாவுச்சத்து, சாப்பிடுகிற நாளில் சோற்றுக்குப் பதிலாகத்தான், சோற்றோடு சேர்த்து இல்லை, கூட மீன் கூடுதலாக என்று பேரம் பேசுங்கள். நடக்கும்.

குத்தரிசிச் சோறு சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை எல்லையின் இரண்டு பக்கமும் வலுவாக இருக்கிறது. ஏற்றும். வெள்ளைச் சோற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏற்றலாம், ஆனால் அந்தத் தைரியத்தில் ஒரு தவி கூடப் போட்டுக்கொண்டால் லாபம் ஒன்றுமில்லை. இதை வாதாடி ஜெயிக்க முடியாது. முன்னே ஒரு ஸ்ட்ரிப், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஸ்ட்ரிப். அவர் மீட்டரே அவரிடம் சொல்லட்டும். புட்டும் ஏத்தன்பழமும், பழங்கஞ்சியும் இப்படித்தான்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் ஒரு அழைப்பு போகட்டும். பாயசம் வேண்டாம் என்று சொல்ல அல்ல. எந்தப் பாயசம் ஒன்று, எவ்வளவு, அன்றைக்குச் சோறு எத்தனை தவி என்று முன்கூட்டியே பேசி வைக்க. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அப்படியே. நோன்பு வைக்கிறவர்களின் மருந்து நேரத்தை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சர்க்கரை இறங்கிவிட்டால்

சேவை எண்ணுக்கு வரும் அழைப்புகளில் அவசரம் என்றால் பெரும்பாலும் இது. எண் 70-க்குக் கீழே. வேர்வை, நடுக்கம், படபடப்பு, சில சமயம் காரணமில்லாத கோபம். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் தெரியும்.

பேசக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லுங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் பாயசமும் உதவாது, கொழுப்பு உள்ளதால் ஏறத் தாமதமாகும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும், அந்த மாத்திரையின் வேலையே அதைத் தடுப்பது. அவர் வீட்டில் குளுக்கோஸ் பொடி டப்பா இருந்தே ஆக வேண்டும். இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு எழுதுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 70-ஐத் தாண்டவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. தாண்டியதும் சாப்பாடு. இந்தப் பதினைந்து நிமிடமும் போனை வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் இறங்கியது என்றால், சர்க்கரை குடித்து எழுந்து உட்கார்ந்த பிறகும் விஷயம் முடியவில்லை. சிறுநீரகம் சோர்ந்த வயதானவர்களுக்கு அது மறுநாள் வரை திரும்பத் திரும்ப இறக்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வீட்டார் ‘இப்போ சரியாயிட்டாங்க’ என்பார்கள், கேட்காதீர்கள்.

காய்ச்சல், வாந்தி, கால்

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் இங்கே வழக்கம். காய்ச்சல் வந்தவர் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினையும் நிறுத்திவிடுவார். சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். முதல் வகை நோயாளி அடிப்படை இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் குடிக்கட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி மருத்துவர் முன்கூட்டியே தாளில் எழுதியிருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே இரத்தம் அமிலமாகக்கூடும், எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். தொடர்ந்து 300-க்கு மேல், நிற்காத வாந்தி, வேகமான மூச்சு, அரைமயக்கம், மீட்டரில் ‘ஹை’ என்ற எழுத்து: இவற்றில் எதுவும் போனில் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை.

கால் விஷயமும் அப்படியே. மாதம் ஒருமுறை ‘காலில் புண், கொப்புளம், நிற மாற்றம் உண்டா?’ என்று கேளுங்கள். ‘ஒரு சின்னக் கீறல்தான்’ என்ற பதில் வந்தால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லாதீர்கள். படத்தில் ஆழம் தெரியாது. அன்றே நேரில் வரச் சொல்லுங்கள்.

பதிவும் இரவும்

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி: தேதி, மணி, யார் பேசினார்கள், எண், அதற்கு முந்தைய சாப்பாடு, நீங்கள் சொன்ன அளவு, அவர் திருப்பிச் சொன்னாரா, அடுத்த அழைப்பு. நோட்டுப் புத்தகமே போதும். அந்தப் புத்தகத்தை மருத்துவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நேரமில்லை என்கிற மருத்துவரோடு இந்தச் சேவையைத் தொடங்காதீர்கள். நோயாளியிடம் பேசுவது அவருடைய அந்தரங்கம். மருமகள் போனை எடுத்தால் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், நோயாளி ரகசியமாகப் பாயசம் குடித்ததைப் பேச வேண்டாம். உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். மருத்துவமனைக்கென்று தனி சிம், ஷிப்ட் மாறும்போது கைமாறும் போன்.

கடைசியாக, இரவு. பகலில் மட்டும் இயங்கும் சேவை என்றால், அதை முதல் நாளே சொல்லி, இரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டக் கொடுத்துவிடுங்கள். இன்சுலின் அளவை நீங்கள் ஏற்றிய அன்று இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கினால், அந்த வீட்டார் முதலில் கூப்பிடுவது உங்கள் எண்ணைத்தான். அதை எடுக்க ஆள் இல்லையென்றால், அளவை ஏற்றச் சொல்லும் அழைப்புகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஒருபோதும் வேண்டாம்.